ஐம்பத்தோரு அங்குலம்

இயோன் எதையோ துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் படகில் வைத்தார். காலை ஏழு மணி. வடமேற்குக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. மழையா பனியா என்று தனக்கே தெரியாத ஏதோ ஒன்று வானத்திலிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நவம்பரில் இப்படிப்பட்ட நாளில் ஏரியில் இறங்குவதே கிறுக்குத்தனம் என்று நான் ஏற்கெனவே கடுப்பில் இருந்தேன்.

"என்னம்மா இது?"

"கேக். பத்து மணிக்குப் பசிக்குமே."

"என்ன கேக்?"

"வாழைப்பழ..."

"இறக்குங்க. முதல்ல கீழ இறக்குங்க! மஸ்கி பிடிக்கப் போற படகுல வாழைப்பழமா? வாழைப்பழம் ஏறின படகுக்கு ஒரு மீனும் வராதுன்னு தெரியாதா? நல்லா இருக்கே கதை!"

"பழம் இல்ல ஆர்லிஸ். கேக்தான்."

"கேக்குக்குள்ள என்ன உருளைக்கிழங்கா இருக்கு?"

கரையில் நின்றிருந்த இயோனின் கணவர் ஹார்லன் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் அப்பவே சொன்னேன், ஆர்லிஸ் மோப்பம் பிடிச்சிடுவாள்னு. குடு, நான் வண்டியில வெச்சிட்டு வரேன்" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். மெதுவாகத்தான் போனார். எழுபத்தாறு வயது. வலது கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. போன வருஷம் விரலில் தொடங்கிய நடுக்கம், இப்போது முழங்கைக்கு வந்துவிட்டது. அடுத்த வருஷம் தூண்டில்கழியைப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால்தான் மூன்று வாரத்துக்கு முன்னால், மீன்பிடிக்க ஆட்களைப் படகில் கூட்டிப்போவதே பிழைப்பாக இருக்கிற என்னைக் கூப்பிட்டு, "ஒரு நாள் கூட்டிட்டுப் போ ஆர்லிஸ். ஒரே ஒரு மஸ்கி" என்றார்.

ஒரே ஒரு மஸ்கி என்று சொல்வது எளிது. வாய் நிறையப் பல்லும் மனசு நிறையத் திமிருமாக ஒரு ஆள் உயரத்துக்கு வளர்கிற மீன் அது. தூண்டிலின் பின்னாலேயே படகுவரை வரும், நம்மை ஒரு பார்வை பார்க்கும், போய்விடும். ஆயிரக்கணக்கில் தூண்டில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஹார்லனும் அவர்களில் ஒருவர். நாற்பது வருஷமாக எறிகிறார். ஒரு மீனையும் வலைக்குள் பார்த்ததில்லை.

ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத்தான் யாரும் நம்பவில்லை.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு அக்டோபர் சாயங்காலம் ரூஸ்டர் மதுக்கடைக்குள் நுழைந்து, "ஐம்பத்தோரு அங்குலம். துடுப்போட சேத்துவெச்சுப் பார்த்தேன். திரும்பத் தண்ணியிலேயே விட்டுட்டேன்" என்றார் ஹார்லன். படம் இல்லை. அளந்த கோல் இல்லை. கூட இருந்த ஒரே சாட்சி இயோன், அவரும் வாயே திறக்கவில்லை. அப்போது ரூஸ்டரில் ஊற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தவள் நான். "ஐம்பத்தொண்ணுக்கு ஒரு பிராந்தி!" என்று கத்தினேன். கடையே சிரித்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இன்றைக்கும் அவர் உள்ளே வந்தால், "வாங்க ஐம்பத்தொண்ணு" என்றுதான் சொல்வார்கள். கடைக்காரன் டுவேன் வருஷாவருஷம் சொல்லிப் பார்ப்பான்: "ஒரு அங்குலம் குறைச்சுக்கோ ஹார்லன், ஒரு பிராந்தி என் செலவு." ஹார்லன் கால் அங்குலம்கூட இறங்கி வந்ததில்லை.

அவர் மேட்டின் மேல் ஏறி மறைந்ததும் இயோன் என் கையைப் பிடித்தார்.

"ஆர்லிஸ், இன்னைக்கு மீன் வந்தா வலையை என்கிட்ட குடு."

"அது மட்டும் நடக்காது. என் வலையை நான் யார்கிட்டயும் குடுத்ததில்ல. கவர்னர் வந்தாலும் குடுக்க மாட்டேன்."

"அவர் அந்த மீனை விடல. நான்தான் தொலைச்சேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. இயோன் மேட்டையே பார்த்துக்கொண்டு வேகவேகமாகச் சொன்னார்.

"படகுகிட்ட கொண்டுவந்துட்டார். 'வலை, வலை'ன்னார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வால் பக்கமா வலையைக் குத்தினேன். விளிம்பு தூண்டில்ல மாட்டிச்சு, மீன் ஒரே உதறு. போயிடுச்சு. நான் தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லணுமே! கரைக்கு வந்தார், கடைக்குப் போனார், 'விட்டுட்டேன்'னார். அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் வீட்லகூட அதைப் பத்திப் பேசினதில்ல. திட்டியிருந்தாலாவது பரவாயில்ல."

மஸ்கியை எப்போதும் தலை முதலில் வலைக்குள் வாங்க வேண்டும். வாலைத் தொட்டால் அது முன்னால் பாயும், எல்லாம் முடிந்தது. எங்கள் ஊரில் யார் செய்தாலும் சாகும்வரை சொல்லிக்காட்டுகிற தப்பு அது. இயோனை அப்படிச் சொல்லிக்காட்டிவிடுவார்கள் என்றுதான் அந்த மனிதர் இருபத்தொன்பது வருஷம் பொய்யர் பட்டத்தைச் சுமந்திருக்கிறார். அந்தப் பட்டத்தைச் சூட்டியவள் நான். எனக்கு என்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"பழகிட்டேன் ஆர்லிஸ். ரெண்டு மாசமா. பின்கட்டுல நாயை ஓடவிட்டு, வலையில பிடிச்சுப் பிடிச்சுப் பழகியிருக்கேன். தலை முதல்ல."

"நாயையா?"

"எங்க பிஸ்கட்டைத்தான். லேப்ரடார், எடை சரியா இருக்கும்."

சிரிப்பு வந்தது. ஆனாலும் மாட்டேன் என்று தலையாட்டினேன். திமிரால் மட்டும் இல்லை. அந்தக் கையாலேயே இன்னொரு மீனும் போனால் இந்த அம்மாள் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார்? "மீன் வரட்டும், பார்க்கலாம்" என்றேன். அது மாட்டேன் என்பதன் மரியாதையான வடிவம் என்று அவருக்கும் தெரிந்தது. ஹார்லன் வருவதைப் பார்த்துவிட்டுக் கையை விட்டார்.

பிக் டாமரக் ஏரியில் அன்றைக்கு எங்களைத் தவிர ஒரு படகு இல்லை. குளிருக்கு இயோன் மான்வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஹார்லன் முன்பக்கம் நின்று, முழங்கை நீள ரப்பர் மீனை எறிந்து எறிந்து இழுத்தார். இரண்டு எறிக்கு ஒருமுறை தூண்டில்கழியின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். கழியைத் தண்ணீரில் முக்கிக் கரைத்துவிட்டு மறுபடி எறிவார். அவர் கை ஆட ஆட, தண்ணீருக்குள் ரப்பர் மீனும் ஆடியது.

"பாத்தியா, சம்பளம் இல்லாம தானா ஆட்டுது" என்றார்.

"பேசாம எட்டு போடுங்க."

ஒவ்வொரு முறை இழுத்து முடித்ததும், தூண்டிலைத் தண்ணீரைவிட்டு எடுக்காமல் படகோரமாகவே எட்டுப் போல வளைத்து வளைத்து இழுக்க வேண்டும். பின்னாலேயே வந்த மீன் சில சமயம் அப்போதுதான் கவ்வும். களைத்துப்போனவர்கள் முதலில் கைவிடுவது அதைத்தான். ஹார்லன் ஒருமுறைகூட விடவில்லை. கை ஆடுகிற மனிதர், மூச்சு வாங்க வாங்க, எறிந்த ஒவ்வொரு எறிக்கும் ஒழுங்காக எட்டு போட்டார். லைசென்ஸ் வாங்கப் போனவர்கூட அத்தனை சிரத்தையாகப் போட்டிருக்க மாட்டார்.

பதினொரு மணிக்கு ஒன்று வந்தது. பழுப்பு நிறத்தில் நீளமாக, தூண்டிலுக்கு ஒரு சாண் பின்னால். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அது இரண்டு எட்டைப் பொறுமையாகச் சுற்றிவிட்டு ஆழத்தில் இறங்கிப் போனது.

"போ, போ. வீட்ல சொல்லிட்டு வா" என்றார் ஹார்லன்.

மான் இறைச்சித் தொத்திறைச்சியும் கறுப்பு ரொட்டியும் தின்றோம். காப்பி ஆறிவிட்டிருந்தது. ஒரு மணிக்குமேல் காற்று இன்னும் வெறிபிடித்தது. அலை படகுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. எனக்கு விரல் மரத்துப்போய், கோபம் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"போதும். கிளம்பலாம்."

"அந்தப் பாறைத்திட்டை மட்டும் ஒரு தரம்" என்றார் ஹார்லன்.

"பைத்தியமா உங்களுக்கு? காத்து நேரா பாறை மேலதான் தள்ளுது."

"ஒரு தரம் ஆர்லிஸ். அப்புறம் நீ எங்க சொன்னாலும் வரேன்."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் கையைப் பார்த்துச் சொன்னார். நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே திருப்பினேன்.

பாறைத்திட்டுக்கு நாற்பது அடி இருக்கும்போது ஒரு பெரிய அலை படகின் மூக்கைத் தூக்கிப் போட்டது. முன்பக்கச் சின்ன மோட்டாரைப் பிடித்திருந்த ஆணி முறிந்து, மோட்டார் பக்கவாட்டில் தொங்கியது. இனி படகை நிறுத்திவைக்கப் பின்பக்கப் பெரிய மோட்டார்தான். நான் அதன் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு பின்னோக்கி ஓட்டினேன். கையை எடுத்தால் பாறைதான். "தூண்டிலை எடுங்க! போறோம்!" என்று கத்தினேன்.

ஹார்லன் அப்போதும் எட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாவது வளைவில் தண்ணீர் வெடித்தது. வெள்ளையாக ஒரு வாய் திறந்து மூடியதை நான் பார்த்தேன். கழி தலைகுப்புற வளைந்து தண்ணீருக்குள் போனது. ஹார்லன் படகின் விளிம்பில் போய் இடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, ஐயோ, மாட்டிக்கிச்சு!" என்றார் இயோன்.

வலை என் காலடியில் கிடந்தது. என் கை மோட்டாரில். நான் வலையைப் பார்த்தேன், இயோனைப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதும் மாட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ, அப்படிப்பட்ட பிறவி நான். காலால் வலையை அவர் பக்கம் தள்ளினேன்.

"எடுங்க! தலை முதல்ல! குத்தாதீங்க, தண்ணிக்குள்ள இறக்கிட்டு நில்லுங்க, அவர் கொண்டுவருவார்!"

இயோன் முழங்காலில் நின்று வலையை இறக்கினார். மீன் படகின் அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனது. ஹார்லன் கழியோடு சேர்ந்து தள்ளாடினார். மறுபடி மேலே வந்தது. படகோரம் பக்கவாட்டில் புரண்டது, தங்க நிறத்தில், என் காலைவிட நீளமாக. வலைக்கு ஒரு முழம் தூரம்.

"இப்ப!" என்று அலறினேன். "இப்ப தூக்குங்க! இப்ப!"

இயோன் வலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "என்ன பண்றீங்க! போச்சு, எல்லாம் போச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். இயோன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாலு" என்றார். "வாலு இந்தப் பக்கம் இருக்கு, ஆர்லிஸ்."

உண்மைதான். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அலையில் தெரியவில்லை. நான் சொன்னபடி தூக்கியிருந்தால் அந்தப் பழைய சாயங்காலம் அப்படியே திரும்ப நடந்திருக்கும்.

"கொண்டு வா" என்றார் இயோன். குரல் உயரவே இல்லை. "அவசரம் இல்ல ஹார்லன். திருப்பிக் கொண்டு வா. நான் இங்கதான் இருக்கேன்."

ஹார்லன் கழியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்வைத்தார். மீன் அரைவட்டம் சுற்றியது. மூக்கு வலையின் வாய்க்கு நேராக வந்தது. இயோன் அப்போதும் குத்தவில்லை. மூக்கு போனது, கண் போனது, செவுள் போனது. அதற்கப்புறம்தான் ஒரே தூக்காகத் தூக்கினார். படகே சாய்ந்தது.

நான் பின்னோக்கி ஓட்டிப் பாறையைவிட்டு விலகி, ஆழத்துக்குப் போனதும் மோட்டாரை விட்டுவிட்டு ஓடினேன். உறைகிற காற்றில் மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுத்தால் கண் உறைந்துபோகும். வலைக்குள்ளேயே தண்ணீரில் வைத்துத் தூண்டில் முட்களை வெட்டினேன். தண்ணீரோடு நாடாவைப் போட்டு அளந்தேன். நாற்பத்தாறு. போனில் ஒரு படம் எடுத்தேன். பனி விழுந்து பாதி மங்கலாக வந்தது. ஆரஞ்சுத் தொப்பி மட்டும் பளிச்சென்று இருந்தது.

இயோன் என் காதோரம் குனிந்து, "அது இதைவிட நீளம் ஆர்லிஸ். சத்தியமா" என்றார்.

"தெரியும்மா" என்றேன். முதல் முறையாக எனக்குத் தெரிந்திருந்தது.

ஹார்லன் படகின் விளிம்பில் கவிழ்ந்து படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டு மீனின் வாலைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஆடியது, மீனும் மெல்ல ஆடியது. செவுள் திறந்து மூடியது. "இப்ப விளிம்பை இறக்குங்க" என்றேன். இயோன் இறக்கினார். மீன் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் ஹார்லனின் கையைவிட்டு நழுவி இறங்கிப் போனது.

இயோன் வலையை விடவில்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்லன் எழுந்து உட்கார்ந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நடுங்குகிற கை, அதனால் நேரமாயிற்று.

"பிஸ்கட்டைவிட லேசா இருந்திருக்குமே?" என்றார்.

இயோன் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"சமையலறை ஜன்னல் எதுக்கு இருக்கு? அந்த நாய் இப்பல்லாம் குடையைப் பார்த்தாக்கூடக் கட்டிலுக்கடியில போயிடுது."

இயோன் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நான் மோட்டாரில் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ரூஸ்டருக்குள் நுழையும்போது மூன்று மணி. உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டுவேன் நிமிர்ந்து பார்த்தான்.

"அட, ஐம்பத்தொண்ணு! இந்தக் காத்துலயா போனீங்க? என்ன, இன்னைக்கும் விட்டாச்சா?"

கடை சிரித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இயோன் முன்னால் போய் நின்றார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா, விட்டோம். நாப்பத்தாறு அங்குலம். ஆர்லிஸ் அளந்தா. நான் வலையில எடுத்தேன்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா அந்தப் பழைய மீனை இவர் விடல. நான்தான் வால் பக்கமா வலையைப் போட்டுத் தொலைச்சேன். இவர் பொய் சொன்னது எனக்காக. அளவுல பொய் இல்ல. இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் சிரிச்சீங்க, நானும் பேசாம இருந்தேன். இன்னைக்குச் சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. டுவேன் கையிலிருந்த கிளாஸை வைக்க இடம் தெரியாமல் நின்றான். எல்லாரும் ஹார்லனைப் பார்த்தார்கள். இருபத்தொன்பது வருஷம் கழித்து அவர் ஜெயித்துவிட்டார். இனி அந்த ஊரில் ஒருவன் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்ட முடியாது. வாயைத் திறந்து 'ஆமாம்' என்றால் போதும்.

ஹார்லன் இயோனைப் பார்த்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்ற அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அட, அதைப் போய்ப் பெரிசா பேசிக்கிட்டு" என்றார். "அது ரொம்பச் சின்ன மீன், இயோன். இன்னைக்கு வந்தது பக்கத்துலகூட நிக்காது. நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்."

"எவ்வளவு?" என்றான் டுவேன்.

"முப்பது. முப்பதுகூட இருக்காது." டுவேனைப் பார்த்துக் கண்ணடித்தார். "இருபத்தோரு அங்குலம் குறைச்சிருக்கேன். கணக்குப்படி இருபத்தோரு பிராந்தி. ஒண்ணை இவளுக்கு ஊத்து, குளிர்ல நடுங்கறா."

"பொய்" என்றார் இயோன். ஹார்லனின் ஆடுகிற கையின்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

வலையைக் காயப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, அதில் எந்த வலையும் காயாது. வண்டியோரம் நின்று கொஞ்ச நேரம் நன்றாக அழுதேன். பிறகு அவர்கள் வண்டியைத் திறந்து, அந்த வாழைப்பழ கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.